தேர் திரும்பாத தெரு

எங்கள் மாதா கோயில் பங்கை இரண்டாகப் பிரிக்கலாம் என்று கமிட்டிக் கூட்டத்தில் முதலில் கை தூக்கியவன் நான்தான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்ட கதை, யாரை நொந்துகொள்ள? முடிச்சூர்ப் பக்கம் வயலெல்லாம் பிளாட் ஆகி, பிளாட்டெல்லாம் அடுக்குமாடி ஆகி, ஞாயிறு பூசைக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. நாங்கள் குடிவந்த காலத்தில் அதே இடத்தில் ஓலைக் கொட்டகைதான். ஆபீஸ் விட்டு வந்து மணல் அள்ளினோம். கத்தோலிக்கர் யாராவது இருக்கிறார்களா என்று வீடு வீடாகக் கதவைத் தட்டினோம். இரண்டு தெரு நாய்களிடம் கடி வாங்கினேன். கோயில் வளரட்டும் வளரட்டும் என்று வேண்டினோம், வளர்ந்துவிட்டது.

புதுப் பங்குக்கு மெயின் ரோடே எல்லை என்றார்கள். எங்கள் வீடு ரோட்டுக்கு அந்தப் பக்கம். மணல் சுமந்த கோயிலுக்கு நாங்கள் அசலூர் ஆனோம். இனி எங்களுக்கு வாடகைக் கல்யாண மண்டபத்தில்தான் பூசை. பிளாஸ்டிக் நாற்காலி, ஆள் சேராத பாடகர் குழு, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. எனக்குத் தெம்பில்லை, சாமி.

என் மனைவிக்கு அதெல்லாம் கவலையில்லை. தேர் ஒன்றுதான் கவலை.

ஒவ்வொரு திருவிழாவுக்கும் மாதா தேர் எங்கள் தெருவுக்குள் திரும்பும். அவள் வாசலில் நின்று தேர்மேல் உப்பும் மிளகும் தூவுவாள். என்ன வேண்டிக்கொள்கிறாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. வெள்ளம் வந்த வருஷம் எங்கள் சமையலறையில் பொட்டு உப்புகூட மிஞ்சவில்லை. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் எதிர்வீட்டு அக்காதான் தன் மாடியிலிருந்து உப்பும் மிளகும் கொண்டுவந்து கொடுத்தார். சேறு காயாத தெருவில் தேர் வந்தது. அன்று என் மனைவி அழுததை நான் மறக்கவே மாட்டேன். இப்போது அவளுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன. வாசலைத் தாண்டி நடக்க முடியாது.

பழைய கோயிலின் பங்குத்தந்தையைப் போய்ப் பார்த்தேன். என் மகன் வயசு.

"ஃபாதர், தேர் எங்க தெருவுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போகட்டும். அவளால நடக்க முடியல."

"எனக்கும் ஆசைதான் ஐயா. ஆனா அது இப்ப புதுப் பங்கு ஃபாதரோட ஏரியா. போலீஸ் பர்மிஷனும் ரோடு வரைக்கும்தான். கமிட்டில இருந்தவரு, உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதுதானே வயிற்றெரிச்சல்!

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் நம்பவில்லை. "மாதாவுக்கு ஏதுங்க எல்லை? வருவா, பாருங்க" என்று சொல்லிவிட்டு, திருவிழா அன்று மாலை தட்டில் உப்பையும் மிளகையும் கொட்டி வைத்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

பேண்டு சத்தம் நெருங்கியது. தெரு முனையில் தேரின் உச்சி தெரிந்தது, நீல பல்புகளோடு. பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டன. தேரும் சற்று நேரம் அங்கேயே நின்றது. "திரும்புது பாருங்க" என்று அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

திரும்பியது, வந்த வழியே.

"ஆட்டோ கூப்பிடவா? முனைக்குப் போனா பார்த்துடலாம்" என்றேன்.

"வேணாங்க. இத்தனை வருஷம் அவளா வாசலுக்கு வந்தா. இப்ப நான் ஆட்டோ வெச்சி துரத்திட்டுப் போகணுமா?"

பஸ் ஹாரன்களில் பேண்டு சத்தம் அமுங்கிப்போனது. அவள் உள்ளே போய் விளக்கடியில் உட்கார்ந்து, உப்பிலிருந்து மிளகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு மிளகு ரசம் வைத்திருந்தாள். தட்டைத் தள்ளி வைத்தேன்.

"சாப்பிடுங்க" என்றாள். "மாதாவுக்கு வெச்சது, வீணாக்காதீங்க."