ஒரே சஹன்

நாட்டையே புரட்டிப்போட்ட மழையில் எங்கள் வீடும் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களும் மண்ணுக்குள் போயின. எல்லோரும் பாடசாலையில் தங்கியிருந்தோம். மறுநாள் மாத்தளை டவுனிலிருந்து முஸ்லிம் வியாபாரி ஒருவர் சோற்றுப் பானைகளோடு வந்தார். பசியில் பிள்ளைகள் ஓடினார்கள். ஓய்வுபெற்ற அரச அதிகாரியான நான் வாசலில் மறித்தேன்.

"சுகாதாரப் பரிசோதகர் பார்க்கட்டும். இதுல நஞ்சு இல்லன்னு யார் சொல்றது?"

தாய்மார் பிள்ளைகளைப் பின்னே இழுத்துக்கொண்டார்கள்.

வியாபாரி, சஹன் எனப்படும் பெரிய தட்டில் கோழிக்கறியோடு சோற்றைக் கொட்டிக் கீழே அமர்ந்தார்.

"வாங்க சேர், ஒரே சஹன்ல சாப்பிடுவோம். நஞ்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே மவுத்தாவோம்."

யாரோ சிரித்தார்கள். வேறு வழியின்றி அமர்ந்தேன். முன்னெச்சரிக்கையாக, அவர் அள்ளிய இடத்திலேயே நானும் அள்ளினேன். அதைக் கவனித்தவர், தன் பக்கத்துக் கோழித்துண்டை மெல்ல என் பக்கம் தள்ளிவிட்டார்.

நிமிர்ந்தேன். பிள்ளைகள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றும் எனக்கு எதிலும் சந்தேகம் வரும். அதற்காக இன்னொருவரைப் பட்டினி போடுவதில்லை.