குருவம்மாளுக்குப் பின்னால் ஒருத்தி

பின்னிற்றல் என்பதும் ஓர் அறம். முந்துவோரைப் புகழ நாவுகள் பல உள. பின்னிற்போரை எவரும் பாடுவதில்லை. எனினும் பிந்திப் பெய்யும் மழையையும் மழையென்றே கைகூப்பி ஏற்பது கரிசல் நாட்டார் வழக்கம். அவ்வழக்கத்தைப் பின்பற்றி, பிந்தி நின்ற ஒருத்தியின் வரலாறும் இங்கே எழுதப்படுகிறது. அவள் பெயர் மாரிக்கனி.

எம்.ரெட்டியபட்டிக்குத் தெற்கே, சீமைக்கருவேல் சூழ்ந்த ஒரு சிற்றூர் அவளுடையது. அவளும் கணவன் பாண்டிராஜும் கருவேலை வெட்டி, அடுக்கி, மண் பூசி, மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள். திருவிருந்து ஞாயிற்றுக்கு முந்தைய மாலையில் மட்டும் அவள் புளியும் உப்பும் கூட்டி உள்ளங்கையைத் தேய்த்துக் கழுவுவாள். மறுநாள் அக்கையில் அப்பம் வாங்க வேண்டும் அல்லவா?

ஊரின் ஆலயம் சிறியது. சபைப் போதகரான ஐயர் மாதம் ஒருமுறை அருப்புக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து திருவிருந்து நடத்துவார். சபையார் வரிசை வரிசையாகச் சென்று பீடத்தின் முன்னுள்ள கம்பித் தடுப்பான கிராதியருகே முழந்தாளிடுவர். அப்பம் கையில் வரும். பின்பு திராட்சரசம் நிறைந்த ஒரே பாத்திரம் உதட்டுக்கு உதடு செல்லும். இறுதியில் எஞ்சியதை ஐயரே பருகி முடிப்பார்.

அச்சபையில் குருவம்மாள் என்றொரு கைம்பெண் உண்டு. அவள் கணவன் வடநாட்டுக்கு லாரி ஓட்டியவன், எச்.ஐ.வி. கண்டு இறந்தான். அவளுக்கும் அந்நோய் இருந்தது. மாத்திரையால் உடல் தேறி, பருத்தி எடுக்கப் போகுமளவுக்கு நலம் பெற்றாள். ஒரே பாத்திரத்தில் பருகுவதால் அது தொற்றாது என்று செவிலியர் ஊருக்கே வந்து விளக்கினர். சபையாரும் தலையசைத்துக் கேட்டனர். ஆனால் அடுத்த திருவிருந்தில் அவளுக்கு இருபுறமும் முழந்தாளிட்டவர்கள் சற்றே விலகினர். அடுத்திருந்தவள், பாத்திரம் வந்தபோது மூடிய உதட்டைக் கொண்டு தொட்டதுபோல் காட்டி நிமிர்ந்தாள். ஆலயத்தில் ஒரு சொல்லும் எழவில்லை. குழாயடியில்தான் எழுந்தது: "நோவு சும்மா வருமா? வெதச்சதுதான மொளைக்கும்."

மறுமாதம் முதல் குருவம்மாள் தானாகவே எல்லார்க்கும் கடைசியாகச் சென்றாள்.

மாரிக்கனி அவள் பின்னே நின்றது முதலில் தற்செயலே. ஒரு ஞாயிறு காலையில் மூட்டம் விரிசல் விட்டுத் தீ எட்டிப் பார்த்தது. அதை மண்ணால் அடைத்துவிட்டு ஓடி வந்தபோது கிராதியருகே குருவம்மாள் மட்டும் இருந்தாள். மாரிக்கனி பக்கத்தில் முழந்தாளிட்டாள். அவள் பருகிய பாத்திரத்தில் பருகினாள். எழுந்து திரும்பியபின்னரே பெண்களின் முகங்களைக் கண்டாள். குருவம்மாளின் முகத்தையும் கண்டாள். அதன்பின் மூட்டம் எரிந்தாலும் அணைந்தாலும் அவள் முன்னே சென்றதில்லை.

"ஏன்க்கா எனக்குப் பின்னாடியே வாரீக?" என்று குருவம்மாள் ஒருநாள் கேட்டாள்.

"முன்னால போனா அம்புட்டுப் பேரும் என் காலை மிதிக்கிறாளுக. உன் பின்னாடின்னா நெரிசலே இல்ல."

மகள் சுமதிக்குச் சம்பந்தம் பேசும் காலம் வந்தது. காரியாபட்டியிலிருந்து மாப்பிள்ளையின் தாய் அழகுத்தாய் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினாள். பெண்ணின் குணத்தை ஆலயத்தில் காண்பதே நலம் என்பது அவள் கருத்து. ஆகவே திருவிருந்து ஞாயிற்றையே தேர்ந்தாள். ஆராதனை முடிந்ததும் வீட்டில் வந்து கை நனைப்பதாகவும் சொன்னாள். கை நனைத்தால், அதாவது அவ்வீட்டில் உண்டால், சம்பந்தம் உறுதி என்பது ஊரார் அறிந்த பொருள்.

முந்தைய மாலையில் கரியைச் சாக்கில் அள்ளியவாறே பாண்டிராஜ் சொன்னான்: "நாளைக்கு ஒரு நாளு முன்னால போயிட்டு வந்துரு. சம்பந்தியம்மா பாப்பாக."

"நான் போயிருவேன். அவ எங்க போவா?"

"ஒரு மாசத்துல என்ன ஆயிரப் போகுது?"

"மாத்திரைக்கு ஒரு மாசம் லீவு விட்டா என்ன ஆகும்னு அவகிட்டயே கேட்டுட்டு வா."

சுமதி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்குக் கல்யாணம் ஆகணும்னு உனக்கு இருக்கா, இல்லையாம்மா?"

மாரிக்கனி சாக்கின் வாயைத் தைத்து முடித்தாள்.

மறுநாள் அழகுத்தாய் பெண்கள் பக்கம் இரண்டாம் வரிசைப் பாயில் அமர்ந்து யாவற்றையும் கண்டாள். கடைசியாக முழந்தாளிட்ட இருவர் யாரென்று அருகிலிருந்தவளிடம் கேட்டறிந்தாள். வெளியே வந்ததும் பாண்டிராஜிடம் சொன்னாள்: "பொண்ணு தங்கம், கொறையே சொல்லக்கூடாது. ஆனா எச்சி பாக்காத வீட்டுல நாங்க எப்பிடிக் கை நனைக்கிறது? கோவிச்சுக்கிராதீக. வாரேன்."

பஸ் அவளை ஏற்றிச் சென்றது. அவளுக்கென வைத்த கோழிக்குழம்பை மூவருமே உண்டனர். அதற்குப்பின் சுமதி தாயிடம் தேவைக்கு மட்டுமே பேசினாள்.

அடுத்த திருவிருந்து வந்தது. எல்லாரும் பருகித் திரும்பினர். சுமதியும் இளம்பெண்களோடு சென்று பருகி வந்தாள். குருவம்மாள் மட்டும் பாயை விட்டு எழவில்லை. அவள் எழாததால் மாரிக்கனியும் எழவில்லை. ஐயர் பாத்திரத்தை ஏந்தியபடி காத்திருந்தார்.

"நீங்க போங்கக்கா," என்றாள் குருவம்மாள், தலை நிமிராமல். "என்னாலதான உங்க வீட்டு நல்லது கெட்டுச்சு. நான் இனிமே வரலை."

"நீ முன்னால போ. நான் வாரேன்."

இருவரும் அசையவில்லை. சபை முழுதும் திரும்பிப் பார்த்தது. அப்போது சுமதி எழுந்தாள். முகத்தில் கோபம் இன்னும் ஆறியிருக்கவில்லை. நடந்து வந்து குருவம்மாளின் முழங்கையைப் பற்றினாள்.

"எந்திரிங்க சித்தி. நீங்க போகாட்டி எங்கம்மா இந்த எடத்தை விட்டு நகராது. வீட்டுல ஒலை வைக்கணும், எனக்குப் பசிக்குது."

ஆண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார். குருவம்மாள் எழுந்தாள். அவளுக்குப் பின்னே மாரிக்கனி சென்றாள். ஒருமுறை பருகியவர் மறுமுறை பருகுதல் முறையன்று. ஆகவே சுமதி பருகவில்லை. அவ்விருவரும் முழந்தாளிட்டு எழும்வரை, அவர்களுக்குப் பின்னே நின்றாள்.

சுமதிக்குச் சம்பந்தம் இன்னும் அமையவில்லை. காரியாபட்டி பஸ் நாளும் அவ்வூரில் நின்று போகிறது.

பாவியர் பந்தியில் விரும்பி அமர்ந்த பெருமான் அவ்வீட்டைக் காப்பாராக. அவர்கள் இட்ட மூட்டம் விரிசலின்றி வேகுக. பாண்டிராஜின் தோள் தளராதிருக்க. தாயும் மகளும் பேசும் பேச்சு அவ்வீட்டில் மீண்டும் நிறைக. கை நனைக்க அஞ்சாத நல்லோர் அவ்வாசலில் வந்து இறங்குக. அவர்கள் இலையில் முதலில் விழும் சோறு குருவம்மாள் பரிமாறியதாய் இருக்க.