புறங்கை வைத்துப் பார்க்கும் பொன்மணி

2024 மே 12, ஞாயிறு, காலை ஐந்து மணி பத்து நிமிடம். மந்தைவெளியில் எங்கள் தெருமுனையில் ஒரு பெண்மணி குத்துக்காலிட்டு அமர்ந்து, தார்ச்சாலையின்மேல் புறங்கையைப் பதித்து, உதடசைய ஏழுவரை எண்ணிக்கொண்டிருந்தார். அருகில் நீலக்கண்கள் மின்ன ஒரு ஹஸ்கி நாய் அவருடைய அனுமதிக்காகக் காத்து நின்றது. எண்ணி முடித்ததும் எழுந்தார். "சுடல. வா மிஷ்கா, போலாம்."

பொன்மணிக்கு ஐம்பது வயது இருக்கலாம். சாந்தோம் குப்பத்தில் வீடு. ஆறு வீடுகளின் நாய்களை நடத்திச் செல்வதும் குளிப்பாட்டுவதும் தொழில். தோள்பையில் ஈரத்துண்டு, தண்ணீர் பாட்டில், பல்லுடைந்த சீப்பு. நாய்களோடு ஓயாமல் பேசுவார். மனிதர்களிடம் கேட்டதற்கு மட்டும் விடை. செருப்பு அணிவதில்லை. ஏன் என்று கேட்டேன். "நாய் இன்னா செருப்பு போட்டுக்கினா வருது? அதுக்கு சுடறது எனக்குத் தெரிய வோணாமா?"

என் மகள் ஸ்ரீரஞ்சனிக்கு அப்போது பதினான்கு வயது. ஹஸ்கிக் குட்டி வேண்டுமென்று இரண்டு மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒற்றைப் பிள்ளை. நாங்கள் இருவரும் வேலைக்குச் சென்றபின் அவள் வீட்டில் கண்ணாடியோடு பேசுகிறாள் என்று அறிந்த நாளிலிருந்து எனக்கும் மறுக்க மனமில்லை. பொன்மணியிடம் யோசனை கேட்டேன்.

"பாப்பாவுக்கு நாய் வோணுமா, நீலக் கண்ணு வோணுமா?" என்றார்.

மறுநாள் ஓர் அரிசிப்பையோடு வந்து, அதை எங்கள் கூடத்தின் நடுவே கவிழ்த்தார். வெண்முடி. மின்விசிறிக் காற்றில் எழும்பி, ஒரு கற்றை என் காபியில் வந்து இறங்கியது.

"மிஷ்காவோட ஒரு வாரத்து முடி சார். அப்பறம், இது குலைக்காது, ஊளதான் வுடும். யாருக்கோ சாவு வருதுன்னு பக்கத்து வூட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க. குளிரு நாட்டு நாயி, நம்மூரு வெயிலும் இதுக்கு ஆவாது. இன்னா பண்ணுவ பாப்பா?"

"எங்க வீட்டுல ஏசி இருக்கே, ஆன்ட்டி," என்றாள் ஸ்ரீரஞ்சனி.

"ஏசியா அத்த நடக்க இட்டுக்கினு போவும்? பத்து நாளு விடியக்காலைல எங்கூட வா. அப்பால சொல்லு."

ஹஸ்கி கேட்டு வருபவர் எவராயினும் அவர் வைக்கும் தேர்வு அது. மூன்றாம் நாளோடு பெரும்பாலோர் நின்றுவிடுவார்களாம். அடுத்த ஞாயிறன்று தொடங்கிய என் மகள் ஏழு நாளும் தவறவில்லை.

எட்டாம் நாள் தூங்கிவிட்டாள். கணக்கில் ஒரு நாள் குறைந்துவிடுமே என்ற பதற்றத்தில், எங்களிடம் சொல்லாமல், பத்து மணிக்கு மிஷ்காவின் வீட்டுக்குச் சென்றிருக்கிறாள். அவ்வீட்டுச் சூடாமணி அம்மாளின் மகன், நாயை வாங்கிய மறு ஆண்டே வெளிநாடு சென்றவர். பொன்மணிதான் அனுப்பியிருக்கிறார் என்று எண்ணி, அம்மாள் கயிற்றைக் கொடுத்துவிட்டார். கத்திரி வெயில். மகளின் காலில் தடித்த ஷூ. சாலையின் சூடு அவளுக்குத் தெரியவில்லை. கால் மணி நேரத்தில் மிஷ்கா தெருவிலேயே சரிந்துவிட்டது.

அழுதபடி கைபேசியில் முதலில் பொன்மணியையும் பிறகு என்னையும் அழைத்தாள். நான் ஓடிச் சேர்ந்தபோது பொன்மணி நாயை நிழலுக்கு இழுத்து, வயிற்றில் தண்ணீரூற்றி, முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். ஆட்டோவில் அவர் மடியிலேயே அது கிடந்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் பிழைத்திராது என்றார் மருத்துவர். நாயின் நான்கு பாதங்களிலும் கொப்புளங்கள். பொன்மணியின் உள்ளங்கால்களிலும்.

"பொன்மணி அனுப்பினாள்னு நெனச்சுண்டுன்னா கயித்தைக் குடுத்தேன்! யார் இவளை இந்த வெயில்ல அனுப்பினது?" என்று, நாயை வீட்டில் ஒப்படைத்தபோது சூடாமணி அம்மாள் கேட்டார்.

என் மகள் வாய் திறப்பதற்குள் பொன்மணி முந்திக்கொண்டார். "நான்தாம்மா அனுப்பிச்சேன். புத்தி கெட்டுப் பூட்டேன்."

"நீயா! இனிமே எங்காத்துக்கு வராதே."

வாசலுக்கு வந்ததும் உண்மையைச் சொல்லத் திரும்பினேன். பொன்மணி கையை நீட்டி மறித்தார். "வுடு சார். எனக்கு இன்னும் அஞ்சு வூடு கீது. இன்னிக்கி பாப்பாவுக்கு அங்க திட்டு வுழுந்துச்சுன்னா, இனிமே ஒரு நாயத் தொட அதுக்குக் கை வராது." நான் நின்றுவிட்டேன். நின்றது சரியென்று இன்றும் என்னால் எழுத இயலவில்லை.

ஹஸ்கி வேண்டாமென்று அன்றிரவு மகளே சொன்னாள். மிஷ்கா தேறிவிட்டது, வேறொருவர் நடத்திச் செல்கிறார். அந்த வீட்டருகே வரும்போது பொன்மணி எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவார். எப்படியோ அறிந்து, மாடியிலிருந்து ஊளை கிளம்பும். "கம்முனு கெட, கண்ணு," என்று நிமிராமலேயே சொல்லி, நடையை விரைவாக்குவார்.

இழந்த அந்த வீட்டைப் பற்றி இன்றுவரை அவர் எங்களிடம் பேசியதில்லை. அதன்பொருட்டு ஓர் உதவியும் கேட்டதில்லை. அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள்கூட விடியற்காலை நடையை அவர் விடவில்லை. கால்களில் துணிக்கட்டோடு, வேறொரு வீட்டின் கிழட்டு லாப்ரடாரை அழைத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். அங்கே என் மகள் வெறுங்காலோடு, தலைகுனிந்து நின்றாள். பொன்மணி குத்துக்காலிட்டு அமர்ந்தார். அவளுடைய கையைப் பற்றி, தம் கைக்கு அருகில் சாலைமேல் புறங்கையாகப் பதித்தார். இருவரும் ஏழுவரை எண்ணினார்கள். பிறகு நாய்க்கயிற்றின் வளையத்தை அவளுடைய மணிக்கட்டில் மாட்டிவிட்டார்.