தவக்கால வெள்ளியில் ஒரு சூரை

கீரி என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு கட்டளைகள் இருந்தன. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி கூடாது. அது திருச்சபை போட்டது. அப்பாவின் வள்ளம் கரைப் பனைகள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தைத் தாண்டக் கூடாது; அது அம்மா போட்டது. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த எனக்கு முதலாவதுதான் பெரிதாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டைகூடத் தைத்து அலுமாரியில் தொங்கியது.

அப்படியொரு வெள்ளியன்று அப்பா பாடிக்கொண்டே வந்தார். கையில் ஒரு மீன். எங்களுக்கு வழக்கமாக வருவது ஓரா, திரளி போன்ற கரையோர மீன்கள். இதற்கோ கருநீல முதுகு, வயிற்றில் கோடுகள், இரண்டு நுனியும் கூராகி நடுவில் பருத்த உடம்பு. சூரையாம். அம்மா வெட்டும்போது எட்டிப் பார்த்தேன். சதை மாட்டிறைச்சி போலச் சிவந்திருந்தது. விரலை உள்ளே விட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மீன் குளிராக அல்லவா இருக்கும் என்று கேட்டேன். அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இது ஓயாத சாதி, நின்றால் மூச்சு முட்டிச் செத்துவிடும், இரவிலும் நீந்தும், அதனால்தான் இரத்தம் சூடு என்றார். கூட்டமாய்ச் சின்ன மீன்களைத் துரத்தும்போது கடலே உலை போலக் கொதிக்கும், அதற்கு மேல் பறவைகள் ஆலவட்டம் போடும் என்று கையை ஆட்டிக் காட்டினார்.

"நாங்கள் ஏனப்பா இதை முந்திக் காணேல்லை?"

"கரைத் தண்ணிக்கு இது வராது பிள்ளை. ஆழத்து நீலத் தண்ணிதான் வேணும்."

அம்மாவின் கத்தி நின்றது.

"பனை தெரிஞ்சதோ?"

வலையில் ஏதோ கிழிந்து கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அப்பா முற்றத்துக்குப் போனார்.

சாவான பாவம் ஒன்று சட்டியில் ஏறப்போகிற நேரத்தில் அம்மா பனையைப் பற்றிக் கேட்டது எனக்குத் துளியும் பிடிக்கவில்லை. கோவிலுக்கு ஓடினேன். வீட்டில் சிவப்பாக, சூடாக ஒரு இறைச்சி வேகப்போகிறது, ஆனால் அதற்குச் செட்டை இருக்கிறது என்று பங்குச் சுவாமியிடம் முறையிட்டேன். சுவாமி தாடியைத் தடவி நெடுநேரம் யோசித்தார்.

"கடலில இருந்துதானே வந்தது?"

"ஓம் சுவாமி."

"அப்ப மீன்தான். எனக்கும் ரெண்டு துண்டு கொண்டு வா."

தீர்ப்போடு வீடு திரும்பினேன். எல்லோரும் சாப்பிட்டோம். அப்பா கறியை அளவுக்கு மீறிப் புகழ்ந்தார். அம்மா மட்டும் மீனைத் தொடாமல் சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிக்கொண்டார். சுவாமியே கேட்டவர் என்று திரும்பத் திரும்பச் சொல்லியும் பலனில்லை. "நீ சாப்பிடு," என்றார் அம்மா. சுவாமியை விட அம்மாவுக்குப் பக்தி கூட என்று முடிவு கட்டி, ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டரிடம் பெருமையாகச் சொன்னேன்.

போன கிழமை என் மகன், நண்பனின் படகில் கரையோரமாக ஒரு சுற்றுப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான். பொழுதுபட்ட பிறகு சிரித்துக்கொண்டு வந்து குசினியில் ஒரு சூரையை வைத்தான். அதன் வயிற்றைக் கீறி விரலை விட்டேன். வெதுவெதுப்பு.

"நல்ல மீன் அம்மா, சாப்பிடுங்கோ," என்றான்.

அன்று தவக்காலமும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை. நான் சோற்றில் சொதியை ஊற்றிக்கொண்டேன்.