அப்பா எடுத்த குடிசன மதிப்பு

அப்பாவின் பெயரை இந்த நினைவு மலரின் அட்டையில் பார்த்திருப்பீர்கள். உள்ளே நான் அதை எழுதப் போவதில்லை. பெற்றவரைப் பெயர் சொல்லும் பழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அவர் போய்விட்டார் என்பதற்காக இப்போது அதைத் தொடங்க மனமும் இல்லை. ஆனால் அவருடைய கடைசிப் பெயரைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டியிருக்கிறது. அவருடைய கடைசி ஆண்டுகள் அந்தப் பெயரின் பின்னால்தான் போயின.

அப்பா வடமராட்சியில் கரவெட்டியில் பிறந்தவர். அப்பப்பா செல்லத்துரைக்கு மூத்த மகன். இப்படியான மலர்களில் எல்லோரும் படிப்பில் கெட்டிக்காரராகத்தான் இருப்பார்கள். அப்பா கணக்கில் கெட்டிக்காரர், மற்றப் பாடங்களில் சுமார். இதை அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார், ஆகவே எழுதலாம். கூட்டுறவுச் சங்கக்கடையில் முகாமையாளராக இருந்தார். அம்மாவைக் கைப்பிடித்தார். நானும் தம்பியும் பிறந்தோம். பிறகு ஊர் இருந்த நிலையில் தனியாக மொன்றியலுக்கு வந்து, உணவகமொன்றில் கோப்பை கழுவி, பல ஆண்டுகள் கழித்துத்தான் எங்களைக் கூப்பிட்டார். விமான நிலையத்தில் தம்பி அவரை அடையாளம் தெரியாமல் என் பின்னால் ஒளிந்துகொண்டான். அதற்காக அப்பா வருத்தப்பட்டாரா என்று நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்து அவனுக்குத் தோசை சுட்டுக் கொடுத்தது மட்டும் நினைவிருக்கிறது. அது வட்டமாக வரவில்லை.

நாங்கள் வந்து கொஞ்சக் காலத்தில், குடிசன மதிப்பு என்ற மக்கள் கணக்கெடுப்புக்காக ஒரு பெண் வந்து கதவைத் தட்டினார். அப்பா அம்மாவிடம், வீட்டில் ஒருவரும் இல்லை என்று சொல்லும்படி சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். அம்மா கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரும் இல்லை என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டு, பிறகு வருவதாகச் சொல்லிப் போனார். இந்தக் கதையைச் சொல்லி அம்மாவை எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறோம். ஆனால் அப்பாவின் பயம் கேலிக்குரியது அல்ல. பெயர்களை எழுதிக்கொண்டு போகிறவர்கள் பிறகு எதற்கு வருவார்கள் என்பதை அவர் கலவர நாட்களில் கொழும்பில் கண்டவர்.

அப்படிப்பட்ட மனிதர்தான் பிற்காலத்தில் நூறாண்டுக்கு முந்திய குடிசன மதிப்புத் தாள்களுக்கு முன்னால், சாப்பாட்டையும் மறந்து உட்கார்ந்திருந்தார். அதற்குக் காரணம் ஜில்.

ஜில் புவாண்ட்-கிளேர் பண்டகசாலையில் அப்பாவோடு வேலை செய்த கியூபெக்காரர். இருவரும் ஓய்வு பெற்ற பிறகும் ரொக்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டுக்கு வாராவாரம் வருவார். அம்மாவின் உளுந்துவடைக்காகத்தான் வருகிறார் என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். தன் தாயின் அக்கா ஒருவர் சிறு வயதிலேயே இறந்துவிட்டதாக வீட்டில் சொல்லுவார்களாம். அவரைப் பற்றிப் பழைய குடிசன மதிப்பில் தேட வேண்டும், தனக்குக் கண் சரியில்லை, நீ வாசித்துச் சொல் என்று அப்பாவிடம் கேட்டார். அந்தத் தாள்கள் இப்போது யாரும் பார்க்கும்படி இணையத்தில் இருக்கின்றன. வீட்டுத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வாடகைக்கு இருந்தவர், வேலைக்காரி என்று வீட்டில் இருந்த அத்தனை பேரையும், வயதும் மதமும் உறவும் போட்டுக் கையால் எழுதியிருக்கிறார்கள். அப்பா அந்தப் பிரெஞ்சுப் பெயர்களைக் கரவெட்டி உச்சரிப்பில் வாசிக்க, ஜில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுத்த கணக்கில் சில பெண்களுக்கு ஆறு வயதுதான் கூடியிருந்தது. "உலகம் முழுக்க இதுதான்," என்று அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அடுத்த வடையை ஜில்லுக்கு மட்டும் வைத்தார்.

அந்தப் பிள்ளை வீட்டுக் கணக்கில் இல்லை. அப்போது ஜில், அவசரப்பட்டு மூடாதே, பக்கத்து வீடுகளையும் வாசி என்றார். கணக்கெடுப்பவர் வீடு வீடாக நடந்து எழுதியபடியால் அயலவர்கள் வரிசையாக வருவார்கள். இரண்டு வீடு தள்ளி, பிள்ளையில்லாத சித்தியின் வீட்டில், அந்தச் சிறுமி உயிரோடு இருந்தாள். அவளைத் தத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஜில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். இறந்து நூறு ஆண்டாகிறது என்று நினைத்த ஒருவர், சமையலறை மேசையில் எழுந்து வந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

அன்றே அப்பாவுக்கு எங்கள் ஆட்களையும் தேடும் ஆசை வந்துவிட்டது. ஆனால் ஜில்லுக்கு இருந்த வசதி எங்களுக்கு இல்லை. அவருடைய குடும்பப் பெயர் கப்பலில் வந்த காலத்திலிருந்து மாறாதது. எங்களுக்கோ தகப்பனின் பெயர்தான் கடைசிப் பெயர், தலைமுறைக்குத் தலைமுறை அது மாறும். கனடாவில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா தன் தகப்பன் பெயரைப் போட, பின்னால் வந்த எங்களுக்கும் அதையே போட்டுவிட்டார்கள். அதனால் தம்பியும் நானும் அரசாங்கக் கணக்கில் அப்பப்பாவின் பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் என்னை "மதமுவசேல் செல்லத்துரை", அதாவது செல்வி செல்லத்துரை, என்று கூப்பிடும்போது, மீசை வைத்த ஒரு கிழவரைக் கூப்பிடுவதுபோல எனக்கு இருக்கும். அப்பப்பாவின் அண்ணன் நாகலிங்கத்தின் மகன், ரொறன்ரோவில் இருக்கும் பெரியப்பா. அவருடைய குடும்பம் நாகலிங்கம். ஒரே வீட்டில் வளர்ந்த சகோதரர்களின் வழிவந்த நாங்கள், இந்த நாட்டுக் கணக்கில் யாரோ எவரோ.

இலங்கையின் பழைய குடிசன மதிப்பையும் அப்பா விடவில்லை. எங்கெங்கோ எழுதிக் கேட்டார். ஊரில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பது கிடைத்தது. யார் யார் இருந்தார்கள் என்பது கிடைக்கவில்லை. "தலையை எண்ணிப்போட்டு முகத்தை விட்டிட்டாங்கள்," என்று கோபப்பட்டார். சரி, நானே எடுக்கிறேன் என்று முடிவு செய்தார்.

அப்பப்பாவின் நினைவு மலரில் வம்சாவளி இருந்தது. மூத்த மகன் என்ற முறையில் அதை அச்சடித்தவர் அப்பாதான். உறவினரிடம் கேட்டபோது எல்லோரும் அதைத்தான் திருப்பி ஒப்புவித்தார்கள். அப்போது அப்பாவுக்கு ஜில்லின் பாடம் நினைவு வந்தது. கேள்வியை மாற்றினார். உங்கள் சொந்தக்காரர் யார் என்று கேட்பதை விட்டுவிட்டு, அந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள் என்று கேட்டார். அதையும் உறவினரிடம் கேட்கவில்லை. ஊரில் எங்கள் வேலிக்கு அடுத்த பக்கத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் படிப்பித்து, இப்போது மொன்றியலுக்குப் பக்கத்தில் லவாலில் மகளோடு இருக்கும் ரீச்சரிடம் போய்க் கேட்டார். நான்தான் காரோட்டினேன்.

ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு அறை அறையாகச் சொன்னார். நடுவில், "விறாந்தையோடை இருந்த அறையிலை அன்னபூரணம் அக்கா," என்றார்.

அப்பா அது யார் என்று கேட்டார்.

"என்ன தம்பி, கொப்பற்றை அக்கா. எனக்கு அரிச்சுவடி காட்டினவவே அவதான். உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே?"

அப்பப்பாவுக்கு ஒரு அக்கா இருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. அப்பா பிறப்பதற்கு முன்பே, ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்த மன்னார்க் கத்தோலிக்கர் ஒருவரை விரும்பி, அவரோடு போய்விட்டார் அப்பாவின் அந்த மாமி. அவருடைய தகப்பனார் மகளைத் தலைமுழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, கிணற்றடியில் நின்று உண்மையாகவே முழுகினாராம். அதன்பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது, பாலம் தாண்டியதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "நானே அச்சடிச்சு, ஆள் ஆளாக் குடுத்தனே பிள்ளை," என்றார். அதைச் சொன்ன குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. தெரியாமல் செய்ததுதானே என்றேன். அப்பாவுக்கு அது போதவில்லை. மாமி உயிரோடு இருக்கும் வயதில்லை, ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நான் போகக்கூடாது என்றார். அப்போதே அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி, இரத்தச் சுத்திகரிப்பு தொடங்கியிருந்தது. காலம் அதிகம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

ரொறன்ரோப் பெரியப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. ஆறின புண்ணை ஏன் சொறிகிறாய் என்று தொலைபேசியில் ஏசினார். "அது ஆறேல்லை அண்ணை, மூடி வைச்சிருக்கிறம்," என்று அப்பா சொன்னார். பெரியப்பா பட்டென்று வைத்துவிட்டார். வாராவாரம் பேசிக்கொண்டிருந்தவர்கள், அதன் பிறகு தீபாவளிக்கு மட்டும் பேசினார்கள்.

மாமியின் பிள்ளைகளைப் பெயரால் தேட வழியில்லை. அவர்களின் கடைசிப் பெயர் தகப்பனின் பெயராக இருக்கும், அது ரீச்சருக்குத் தெரியவில்லை. அப்பா மறுபடியும் பக்கத்து வீட்டு வழிக்கே வந்தார். நெற்றி நிறையத் திருநீற்றோடு, தமிழ்ப் பூசை முடியும் நேரத்தில் கத்தோலிக்கக் கோயில் வாசலில் போய் நிற்பார். வெளியே வருகிறவர்களிடம், நீங்கள் மன்னாரா என்று கேட்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். காருக்குள்ளேயே இருந்துவிடுவேன். அங்கிருந்தவர்கள் அவரைத் தங்கள் ஆள்போல நடத்தினார்கள். பனிக்காலத்தில் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தார்கள். மன்னாரில் பேசாலையில் இருந்து வந்த ஒரு குடும்பம்தான் கடைசியில், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து தங்கள் தெருவில் தையல் பழக்கிய அன்னம் அக்கா ஒருவரைத் தெரியும் என்றது. அவருடைய மகள் இன்னும் அங்கேதான் இருக்கிறார் என்றும் சொன்னது.

ஒரு சனிக்கிழமை காலை, அங்கே பின்னேரம், காணொளியில் அவர் வந்தார். மாமி மகள், அப்பாவுக்கு முறையில் மச்சாள். அப்பாவின் வயதுதான் இருக்கும். அப்பப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது.

"அம்மாவைப் பற்றி மாமா, உங்கடை அப்பா, என்ன சொல்லுவார்?" என்று அவர் கேட்டார்.

அப்பா நினைத்திருந்தால் ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஒண்டும் சொன்னதில்லை மச்சாள். மலரிலையும் அவவின்ரை பேர் இல்லை. அச்சடிச்சது நான். என்னை மன்னிக்க வேணும்," என்றார்.

அவர் கோபிக்கவில்லை. "அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுவா. தான் இடுப்பிலை வைச்சு வளத்த தம்பி எண்டு. அண்ணை பிறக்க, அந்தப் பேர்தான் வைக்க வேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டவவாம்," என்றார்.

அவருடைய அண்ணன் பெயர் செல்லத்துரை. அவர் இப்போது இல்லை. அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் மன்னாரில் இருக்கிறார்கள். எங்கள் வழக்கப்படி அந்தப் பிள்ளைகளின் கடைசிப் பெயர் செல்லத்துரை. சொந்தச் சகோதரனின் வழிக்கு வேறு பெயர், வெட்டிவிட்ட சகோதரியின் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் பெயர். அப்பா சிரிக்கவும் அழவும் தொடங்கினார். அம்மா வந்து முதுகைத் தடவினார். என்னைக் கேட்டால், அப்பாவின் நோய்க்கால முகங்களில் நான் வைத்துக்கொள்ள விரும்புவது அந்த முகத்தைத்தான். அதன் பிறகு சனிக்கிழமைகளில் வீடு நிறைய மன்னார்க் குரல்கள் கேட்டன. சுத்திகரிப்புக் கதிரையில் இருந்தபடியே, அங்குள்ள சின்னதுகளுக்கு அப்பா வாய்ப்பாடு கேட்பார்.

அடுத்த முறை கனடாவின் குடிசன மதிப்பு வந்தபோது அப்பா குளியலறைக்குள் போகவில்லை. கணினியில் என்னை இருத்திவைத்து, ஒவ்வொரு பெயரையும் தானே சொல்லி நிரப்பினார். எனக்கு வேலைக்கு நேரமாகிறது என்று அவசரப்பட்டேன். "ஆறுதலா எழுது பிள்ளை. தொண்ணூற்றிரண்டு வருசத்தாலை இந்தக் கணக்கை எல்லாருக்கும் திறப்பாங்கள். ஆரோ ஒரு பிள்ளை எங்களைத் தேடும்," என்றார். பெயரைக் கொடுக்கப் பயந்து ஒளிந்த மனிதர், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளைக்காகப் பெயர் கொடுத்தார். எனக்கு வேலைக்கு நேரம் பிந்தியது. பரவாயில்லை.

கடைசி மாதங்களில் அப்பா தெளிவாகவே இருந்தார். தனது மலரில் வம்சாவளி போடும்போது, யார் எங்களுடையவர் என்று பார்த்துப் போடக்கூடாது, வீட்டில் படுத்த எல்லோரையும் போட வேண்டும் என்று சொல்லிவைத்தார். ஒரு பின்னேரம் அம்மாவின் கையைப் பிடித்தபடி அமைதியாகப் போனார்.

அப்பாவைப் பிள்ளைபோலப் பார்த்த மருத்துவமனைத் தாதிமாருக்கும், செத்த வீட்டன்று கொட்டிய பனியையும் பாராமல் வந்த உறவினர் நண்பர்களுக்கும், எங்கள் வாசல் பனியைச் சொல்லாமல் அள்ளிவிட்டுப் போன ஜில்லுக்கும், லவால் ரீச்சருக்கும், வேற்றுச் சமயத்தவருக்குத் தேநீர் கொடுத்து வாசலில் நிற்கவும் விட்ட கோயில் மக்களுக்கும், மன்னாரில் எங்கள் அப்பாவுக்காகப் பூசை ஒப்புக்கொடுத்த அவருடைய மச்சாள் குடும்பத்துக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். மலர் அச்சுக்குப் போகமுன் வம்சாவளியை ரொறன்ரோப் பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பழைய மலரில் இருந்த வரிசையை அப்படியே வைத்து, மாமியின் பெயரைக் கடைசியில் சேர்த்திருந்தேன். அன்றே தொலைபேசி வந்தது. சண்டைக்குத் தயாராகித்தான் எடுத்தேன்.

"அவவை ஏன் கடைசியிலை போட்டனீ?" என்று கேட்டார். "அவ மூத்தவ. முதல் போடு." பிறகு மெதுவாக, "அவ போகேக்கை எனக்கு ஆறு வயது. அவவோடைதான் படுக்கிறனான். சொல்லாமல் போயிட்டா," என்றார்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதல் பெயர் அன்னபூரணம். அச்சுக்குப் போகமுன் சரி பார்த்தவர் பெரியப்பா.