வருகிறவர்களுக்கு வெந்நீர்

எங்கள் வீட்டுப் பின்கட்டில் ஒரு செப்பு அண்டா இருக்கிறது. அடிப்பாகம் கரியேறி, எவ்வளவு புளி போட்டுத் தேய்த்தாலும் நிறம் திரும்பாத அண்டா. கீஸர் வந்தபின் அது சும்மாதான் கிடந்தது. பழைய பாத்திரக்காரரிடம் போட்டுவிடலாம் என்று என் கணவர் சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அது அத்தையுடையது, அப்பாவின் அக்காவுடையது. தங்கச் சுரங்கத்தில் கணவரைப் பறிகொடுத்த பிறகு அந்த அண்டாவோடு சாம்பியன் ரீப்ஸில், சுரங்கத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த எங்கள் லைன் வீட்டுக்கு வந்தவள், கடைசிவரை எங்களோடேயே இருந்தாள்.

சுரங்கம் ஓடிய காலத்தில் எங்கள் காலடி நிலம் அவ்வப்போது குலுங்கும். ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிப்பதை ராக்பர்ஸ்ட் என்போம். தட்டில் அடுக்கிய டம்ளர்கள் கிணுகிணுக்கும், சுவரிலிருந்து மண் உதிரும். அடுத்த நொடியே லைன் பெண்கள் செருப்புகூடப் போடாமல் சுரங்க வாயிலான ஷாஃப்டைப் பார்த்து ஓடுவார்கள். ஆண்கள் கேஜ் என்ற இரும்புக் கூண்டில் மேலே வரும்வரை அங்கேயே நிற்பார்கள். அத்தை மட்டும் ஓடமாட்டாள். பின்கட்டுக்குப் போய் அண்டாவை நிரப்பி, தைலமரச் சருகைத் திணித்து அடுப்பு மூட்டுவாள். இதற்காக அவளை லைனே ஏசியது. புருஷன் போனவளுக்கு யார் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன என்று எதிர்வீட்டு அக்கா அவள் காதுபடவே சொல்வாள். அத்தை ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்து, “வர்ற ஆளு குளிக்க வேணாமா?” என்று மட்டும் கேட்பாள்.

ஒரு மதியம் வழக்கத்தைவிடப் பெரிதாகக் குலுங்கியது. அப்பா முதல் ஷிப்டுக்கு இறங்கியிருந்தார். அம்மா அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடினாள். காய்ச்சலில் கிடந்த நான் அத்தையோடு தங்கிவிட்டேன். அவள் பின்கட்டில் தீக்குச்சியைக் கிழிப்பதைப் பாயில் படுத்தபடி பார்த்தேன். முதல் குச்சி உடைந்தது. இரண்டாவதும் உடைந்தது. கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னவளுக்கு அன்று ஒரு குச்சி கிழிக்க வரவில்லை. மூன்றாவது குச்சி பற்றிக்கொண்டது.

அன்றைக்குக் கீழே வழி அடைபட்டிருந்தது. அப்பாவும் கூட இருந்தவர்களும் பூமிக்குள்ளேயே நடந்து, பக்கத்துச் சுரங்கத்தின் ஷாஃப்ட் வழியாக மேலே வந்திருக்கிறார்கள். எங்கள் பெண்களெல்லாம் எங்கள் ஷாஃப்டில் நின்று கேஜைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, ஆண்கள் அந்த நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கமிருந்து நடந்து லைனுக்கு வந்துவிட்டார்கள். வரிசையாகப் பூட்டிய கதவுகள், குளிர்ந்த அடுப்புகள். எங்கள் வீட்டுப் புகையைப் பார்த்து ஒவ்வொருவராகப் பின்கட்டுக்கு வந்தார்கள். புழுதியில் யார் யாரென்றே எனக்குத் தெரியவில்லை. அத்தை மொண்டு மொண்டு கொடுத்தாள், தண்ணீர் குறையக் குறைய ஊற்றினாள். சாயங்காலம் தலைவிரி கோலமாகத் திரும்பிய பெண்கள், தங்கள் வீட்டு ஆண்கள் ஈரத் தலையோடு எங்கள் வாசலில் டீ குடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். எதிர்வீட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அத்தை அவளைப் பார்த்து, “உன் வூட்டுக்காரருதான் நாலு சொம்பு கூட ஊத்திக்கினாரு. நாளைக்கு வெறகு குடுத்தனுப்பு” என்றாள். அழுத கண்ணோடு அந்த அக்கா சிரித்தது இன்னும் நினைவிருக்கிறது.

எல்லா நாளும் அப்படி முடியவில்லை. யாரும் தொடாமல் அண்டாவிலேயே ஆறிப்போன தண்ணீரையும் பார்த்திருக்கிறேன். அத்தை அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு, அடுத்த முறை குலுங்கியபோது மறுபடியும் தீ மூட்டினாள். வளர்ந்தபின் ஒருநாள் காரணம் கேட்டேன். “அவரு போன அன்னிக்கு நானும்தான் ஓடுனேன். கூட ஓடுனவங்க வூட்டு ஆளுங்கள்ல பாதிப்பேரு உயிரோட வந்தாங்க, மண்ணும் ரத்தமுமா. ஒரு வூட்லயும் சுடுதண்ணி இல்லடி.” அவ்வளவுதான் சொன்னாள். என் மகள் பிறப்பதற்கு முன்பே அவள் போய்விட்டாள்.

என் மகளுக்கு வடதுருவத்துக்குப் பக்கத்தில் ஒரு தீவில் வேலை. பனிப்பாறைகளை ஆராய வரும் விஞ்ஞானிகளுக்குக் கூடாரம், உணவு, எரிபொருள், ரேடியோ எல்லாம் தயார் செய்து, அவர்கள் போகிற இடத்துக்கு முன்னதாகவே பனி வண்டியில் கொண்டுபோய் வைப்பவள். பங்காருபேட்டையில் கடை வைத்திருக்கும் என் அண்ணனுக்கு இதை விளக்கவே முடிந்ததில்லை. இவ்வளவு படித்து அங்கே போய் மூட்டை தூக்குகிறாளா என்பார். பனிக்கரடி வந்தால் சுட இவளுக்குத் துப்பாக்கிப் பயிற்சியும் உண்டு என்று ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். அதற்குப் பிறகு அவர் கொண்டு வரும் வரன்களின் எண்ணிக்கை கூடியது.

போன மாதம் அவள் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. புயல் அடிக்கிறது, ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, உங்கள் மகளின் குழு வழக்கமான நேரத்தில் ரேடியோவில் வரவில்லை. பொறுமையாக இருங்கள் என்றார்கள். எப்படி இருப்பது? அன்றும் மறுநாளும் என் வீடு ஷாஃப்ட் வாசல் ஆனது. உறவினர்கள் கூடத்தில் உட்கார்ந்து என் போனையே பார்த்தார்கள். யாரோ ஏற்கெனவே அழ ஆரம்பித்துவிட்டார்கள். மகள் குரல் கேட்டதும் முதல் வார்த்தையாக வேலையை விட்டுவிட்டு வா என்று சொல்வதாக நானும் எல்லார் முன்னாலும் வாக்குக் கொடுத்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. கணவர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“அம்மா, ரேடியோதான் குளிர்ல செத்துப்போச்சு. நாங்க நல்லாத்தான் இருந்தோம். ரெண்டு சயின்டிஸ்ட் மட்டும் புயல்ல வழி தவறிட்டாங்க. நான் பனியில இருக்கிற மரக் குடிசையில ஸ்டவ் மேல பனிக்கட்டி உருக்கி சூடு ஆறாம வச்சிருந்தேன். வர்றவங்களுக்கு வேணுமில்ல? வந்துட்டாங்க, ரெண்டு பேரும்.”

கூடத்தில் எல்லாரும் நான் சொல்லவேண்டிய வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள். நான் அவளிடம் அத்தையைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் வைத்திருந்தால் அந்தப் பயம் எங்களோடேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். “சாப்பிட்டியா?” என்று மட்டும் கேட்டேன்.

அண்ணன் எழுந்துவிட்டார். “அத்தை மாதிரியே நெஞ்சழுத்தம்டி உனக்கு” என்றார்.

“ஆமாண்ணா” என்றேன். “அவங்க வச்ச தண்ணியிலதான் நீயும் நானும் குளிச்சு வளந்தோம்.”

அவர் செருப்பைத் தேடினார். வாக்கை மீறியதற்காக அதன்பின் எனக்கு வந்த போன்கள் ஏராளம். பெற்றவளா நீ என்றுகூட ஒருத்தி கேட்டாள். பெற்றவள்தான். போன் மணி அடித்தால் இன்றும் அவள் நிலையத்து எண்ணா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஜன்னல் கதவு காற்றில் மோதினாலும் தூக்கிவாரிப்போடுகிறது. அதற்காக அவள் கையிலிருக்கும் அடுப்பை நான் அணைக்கமாட்டேன். அவள் இல்லாத குடிசைக்குப் புயலில் யாராவது வந்து சேர்ந்தால், அங்கே என்ன இருக்கும்?

விடுமுறைக்கு வந்திருந்தவள் இன்று திரும்பிப் போகிறாள். விமான நிலையத்துக்குக் கார் சொல்லியாகிவிட்டது. விடிந்ததும் நான் பின்கட்டுக்குப் போய் அண்டாவைக் கழுவி நிரப்பினேன். கீஸர் இருக்கும்போது எதற்கு இந்த வேலை என்று கணவர் எட்டிப்பார்த்துக் கேட்டார். மகள் பல் விளக்கியபடி வந்து நின்றாள்.

“யாருதும்மா இந்த அண்டா?”

“தண்ணி காயட்டும், குளிச்சுட்டு வா, சொல்றேன்” என்றேன்.

முதல் குச்சி உடைந்தது. பெட்டியில் இன்னும் நிறைய இருந்தன.