துண்டுக்குள் இருந்த கை

டிரெயின் பிளக்கை இரண்டு சுற்றுத் தளர்த்தியதும் முதலில் வந்தது தண்ணீர். ஆயில் அதற்குப் பிறகுதான் வந்தது. டிராக்டருக்கு அடியில் மல்லாந்து கிடந்த நான் அவசரமாகப் பிளக்கை இறுக்கிவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய வலது கை அதற்குள் தரகரின் துண்டுக்குள் போயிருந்தது.

எண்பதுகளின் கடைசி அது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே ஒரு தென்னந்தோப்பு. இரண்டு வருடமாக ஓடாமல் ஓலைக் கொட்டகையில் நின்றிருந்த அந்தப் பழைய டிராக்டரை வாங்கிச் சரிபண்ணி ஓட்டலாம் என்று அப்பாவிடம் சொன்னவனே நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்துவிட்டு ராஜபாளையத்தில் ஒரு பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா கூலிக்கு ஏர் உழுகிறவர். இரண்டு உழவு மாட்டையும் விற்றால்தான் டிராக்டருக்குப் பணம் சேரும். நான் சொன்னது தப்பாகப் போனால் தொழுவத்தில் மாடும் இருக்காது, வாசலில் நிற்கிற வண்டியும் நகராது. ஐப்பசி மழை உழவுக்கு இரண்டு மாதம்கூட இல்லை.

விலை பேசுவதற்கு அப்பா கூட்டி வந்திருந்தது ஒரு மாட்டுத் தரகரை. அப்பாவுக்குத் தெரிந்த வியாபாரம் அதுதான். சந்தையில் செய்வது போலவே கைகளைத் துண்டால் மூடிக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்துப் பிடித்து அப்பாவும் அவரும் விலை பேசினார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூட ஒன்றும் தெரியாது. கை துண்டுக்குள் இருக்கும்வரை வேறு ஆள் குறுக்கே வரக்கூடாது. கையை உருவிவிட்டால் பேச்சு முறிந்தது. சாயங்காலம் சிவகாசியிலிருந்து பழைய இரும்பு வியாபாரி வருவதாகத் தோப்புக்காரர் காலையிலேயே எங்கள் காதில் போட்டிருந்தார்.

"அப்பா, செத்த நேரம் பொறுங்க. ஆயில்ல தண்ணி கலந்திருக்கு" என்றேன்.

தோப்புக்காரர் சிரித்தார். "ரெண்டு மழைக்குச் சைலன்சர் வழியா எறங்கின தண்ணி தம்பி அது. கொட்டகை எம்புட்டு ஒழுகுதுன்னு மேல பாரு."

அப்படியும் இருக்கலாம். கேஸ்கட் போயிருக்கலாம். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் விரிசல் இருக்கலாம். எஞ்சினின் உடம்பான பிளாக்கிலேயே விரிசல் என்றால் அதோடு முடிந்தது. சும்மா கொடுத்தாலும் அது இரும்புதான்.

"ஹெட்டைக் கழத்திப் பாத்தாத்தான் தெரியும்."

"ஏலே, பொண்ணு பாக்க வந்த எடத்துல வயித்தக் கிழிச்சுப் பாக்கணும்ங்கியே!" என்றார் தரகர்.

தோப்புக்காரர் சிரிப்பை நிறுத்தினார். "கழத்திக்கோ. ஆனா ஒரு போல்ட் ஒடிஞ்சாலும் நான் சொன்ன வெலைக்கு வண்டி ஒங்களுக்குத்தான்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஒடியாதுல்ல?"

"ஒடியாதுப்பா."

"அப்பக் கழத்து." கையை எடுக்காமலே தரகரையும் இழுத்துக்கொண்டு போய், கிடந்த தென்னந்தடியில் உட்கார்ந்தார்.

"அண்ணாச்சி, இது என் கை. நான் வீட்டுக்குக் கொண்டு போகணும்" என்றார் தரகர்.

"இன்னொன்னு இருக்குல்ல, அத வச்சுச் சமாளியும்."

ரேடியேட்டர் தண்ணீரை இறக்கினேன். டீசல் குழாய்களை, மேனிஃபோல்டை, ராக்கரைக் கழற்றி வரிசையாகச் சாக்கில் அடுக்கினேன். ஹெட் நட்டுகளில் மூன்று துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றினேன், ஊறவிட்டேன், சுத்தியலால் மெல்லத் தட்டினேன், கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். கடைசி நட்டு 'கிறீச்' என்றபோது போல்ட் ஒடிந்துவிட்டது என்றே நினைத்துக் கையை எடுத்துவிட்டேன். தோப்புக்காரர் எட்டிப் பார்த்தார். நட்டு சுழன்றிருந்தது, அவ்வளவுதான்.

ஹெட்டைத் தூக்கிக் கீழே வைத்தபோது வெளியே லாரி ஹாரன் கேட்டது. இரும்பு வியாபாரி உள்ளே வந்தார். துண்டைப் பார்த்ததும் பத்தடி தள்ளியே நின்றார்.

"பேச்சு நடக்கு" என்றார் தரகர்.

"நடக்கட்டும், நடக்கட்டும்." கழற்றிப் போட்டிருந்ததையெல்லாம் அவர் ஒரு கண் பார்த்தார். "பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டிய. மீதிய நான் ஒடச்சுக்கிடுதேன்."

கேஸ்கட் முழுசாக இருந்தது. அப்படியானால் விரிசலைத்தான் தேட வேண்டும். கரியைச் சுரண்டித் துடைத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஐ.டி.ஐ.யில் ஒரு வழி காட்டியிருந்தார்கள். மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியைத் தூவ வேண்டும். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் கோடு காட்டும். தோப்பில் சாக்பீஸுக்கு எங்கே போவது?

"விபூதி இருக்கா?" என்று தரகரிடம் கேட்டேன்.

"இடுப்புல இருக்கு, நீயே எடுத்துக்கோ. எஞ்சினுக்குத் திருநீறு பூசுத மொத ஆளு நீதாம்ல."

பிளாக்கில் தூவினேன். ஹெட்டிலும் தூவினேன். பிறகு காத்திருந்தோம். இரும்பு வியாபாரிகூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார். பிளாக்கில் விபூதி காய்ந்து வெள்ளையாகவே கிடந்தது. ஹெட்டில், இரண்டாவது சிலிண்டரின் வால்வுகளுக்கு நடுவில், மயிரிழை போல ஒரு கோடு மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது.

"சொல்லு" என்றார் அப்பா.

"பிளாக் நல்லா இருக்குப்பா. ஹெட்டுலதான் விரிசல். வேற ஹெட்டு போடணும். மதுரையில பழசு கெடைக்கும்."

"ஓடுமா?"

"ஓடும்."

அதோடு நிறுத்தியிருக்கலாம். வண்டி எங்கள் கைக்கு வந்திருக்கும். இரண்டு வருடமாக நான் ஆசைப்பட்டது அதற்குத்தான். ஆனால் அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆனா ஐப்பசிக்கு ஓடாது. ஹெட்டு கெடச்சு, மத்த வேலையும் முடிய தை ஆயிரும்."

தரகர் கண்ணை மூடிக்கொண்டார். துண்டு அசைந்தது. தரகரின் புருவம் ஏறியது. அவர் இடது கையையும் துண்டுக்குள் விட்டுத் தோப்புக்காரரை அருகே அழைத்தார். தோப்புக்காரர் குனிந்து தானும் கையை விட்டார். ஒரே துண்டுக்குள் மூன்று பேருடைய கை. தோப்புக்காரர் விபூதியில் இருந்த கோட்டைப் பார்த்தார், இரும்பு வியாபாரியைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். துண்டு இரண்டு முறை இழுபட்டு நின்றது.

"முடிஞ்சுது" என்றார் தரகர்.

அப்பாவின் கை வெளியே வந்தது. வேர்வையில் ஊறி வெளுத்திருந்தது, விரல்கள் நிமிரவில்லை. இரும்பு வியாபாரி லாரிக்குத் திரும்பினார்.

மதுரையில் அளவு பார்க்க ஹெட்டைச் சாக்கில் கட்டி, ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். விலை என்னவென்று நான் கேட்டேன். அதை அப்பா சொல்லவில்லை.

"ஒத்த மாட்ட வித்தாப் போதும். இன்னொன்னப் பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டோட சோடி சேத்துக்கிடுவோம். ஐப்பசிய அப்படித் தள்ளிருவோம்" என்றார். பத்தடி நடந்த பிறகு, "தைக்கு ஓடணும்" என்றார்.

பஸ்ஸில் சாக்கை ஏற்றும்போது கண்டக்டர் காலால் தள்ளிப் பார்த்தார். அது அசையவில்லை.

"என்னய்யா இது?"

"டிராக்டரு" என்றார் அப்பா.